ஸ்கேன் தெளிவாக இருக்கிறது, அண்ணன் மட்டும் மாறியிருக்கிறார்: மூளைக்கட்டி அறுவையும் மனமும்

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் அண்ணனுக்கு வயது 46. மூளையின் வலப்பக்க நெற்றி மடலை அழுத்திக்கொண்டிருந்த, மூளையுறையிலிருந்து வளரும் மெனின்ஜியோமா என்னும் கட்டி ஒன்றை ஏழு வாரங்களுக்கு முன் அறுவை செய்து முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். திசு ஆய்வில் முதல் தரம் என்று வந்தது; புற்று அல்ல. அறுவைக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ.யில் மிச்சம் எதுவும் இல்லை. கைகால் இயக்கம், பேச்சு, பார்வை யாவும் சரியாக உள்ளன. மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கியபோது நாங்கள் அனைவரும் மகிழ்ச்சியில் அழுதுவிட்டோம். அண்ணன் மட்டும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அது களைப்பு என்று எண்ணினோம். இன்றும் அதே நிலைதான். மகள் போட்டியில் வென்ற பரிசைக் கொண்டுவந்து காட்டினாள். 'சரி' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டார். அதே மனிதர், கதவு சற்று ஓசையுடன் மூடிக்கொண்டால் வீடே அதிரும்படி கத்துகிறார். 'என்னைக் கண்டாலே அவருக்குப் பிடிக்கவில்லையோ' என்று அண்ணி கேட்கும்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டி கண்டறியப்படுவதற்கு முன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகவே அவர் மந்தமாகத்தான் இருந்தார். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள், பயன் இல்லை. தலைவலி தொடங்கி ஸ்கேன் எடுத்த பிறகே உண்மை தெரிந்தது. இப்போது வலிப்பு வராமல் இருப்பதற்காக லெவெடிராசெடம் மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஒருமுறைகூட அவருக்கு வலிப்பு வந்ததில்லை. இந்த மாற்றம் அறுவையின் விளைவா, மருந்தின் விளைவா, உயிர் பயமா? எதற்குக் காத்திருப்பது, எதற்கு மருத்துவரிடம் போவது?

கற்றூண்

சகோதரி, அண்ணன் உயிருடன் மீண்டதற்கு முதலில் மகிழ்ச்சி. என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். மண்டை ஓட்டைத் திறந்து மூளையைத் தொட்டிருக்கிறார்கள். அதைக் கடந்து வந்த எவரும் ஏழு வாரத்தில் பழையபடி சிரித்துப் பேசிக்கொண்டிருக்க மாட்டார். இதய அறுவை செய்துகொண்டவர்களும் சில மாதங்கள் ஒதுங்கித்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு முகவாட்டத்துக்கும் ஒரு மருத்துவப் பெயர் சூட்டினால், மனிதர் தம்மை நிரந்தர நோயாளியாகவே எண்ணத் தொடங்கிவிடுவார். அவரை அவர் போக்கில் விடுங்கள். வீட்டார் தைரியமாக இருந்தால் அவருக்கும் தைரியம் வரும்.

செவிலி_இரவுப்பணி

நரம்பியல் அறுவைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கற்றூண் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அச்சமும் அதிர்ச்சியும் இயல்பானவையே. ஆனால் இதய அறுவையோடு ஒப்பிடும் இடத்தில் வழி பிரிந்துவிடுகிறது. இதயத்தை அறுத்தால் அதற்காக அச்சப்படுவது மூளை. இங்கே அச்சப்பட வேண்டிய உறுப்பிலேயே கத்தி பட்டிருக்கிறது.

மன மாற்றங்களை நாங்கள் நாள்கணக்கை வைத்துப் பிரித்துப் பார்ப்போம். முதல் சில நாள்களில் வருவது பெரும்பாலும் டெலிரியம் என்னும் குழப்பநிலை. பகலில் தெளிவாகப் பேசிய முதியவர் இரவு இரண்டு மணிக்குக் கையில் செருகிய ஊசியைப் பிடுங்கிவிட்டு, 'வண்டி புறப்படப் போகிறது, என் செருப்பு எங்கே' என்று எழுந்து நிற்பார். இப்படி மணிக்கு மணி ஏறி இறங்குவதே அதன் அடையாளம். தொற்று, சோடியம் குறைவு, வலி, தூக்கமின்மை, மூளை வீக்கம் என ஏதேனும் ஒரு காரணம் அடியில் இருக்கும். அதைத் தேடிச் சரிசெய்தால் மனமும் தெளியும். சிலர் ஒன்றும் பேசாமல் கண்மூடிக் கிடப்பார்கள். அதுவும் டெலிரியத்தின் ஒரு வகைதான். 'தொந்தரவு இல்லாத நோயாளி' என்று நாங்களே ஏமாந்ததுண்டு.

அடுத்தது ஸ்டீராய்டு. மூளை வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் வரை போகும். பிரெட்னிசோன் என்னும் இன்னொரு ஸ்டீராய்டின் கணக்கில் அது 100 மில்லிகிராமைத் தாண்டும். பிரெட்னிசோன் பற்றி 1972இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நாளுக்கு 40 மில்லிகிராமுக்குக் குறைவாக எடுத்தவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும், 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் மனநலக் கோளாறுகள் தோன்றியிருந்தன. அளவு கூடும்போது உறக்கம் போய்விடும், பசி பெருகும், பேச்சு ஓயாது. குறைக்கும்போது காரணம் தெரியாத சோர்வும் அழுகையும் வரும். இதை முன்கூட்டிச் சொல்லிவைத்தால் குடும்பத்தார் பாதிப் பதற்றத்திலிருந்து தப்புவார்கள். அந்த இரண்டு நிமிடங்கள் யாருக்கும் வாய்ப்பதில்லை என்பது வேறு கதை.

உங்கள் அண்ணன் இந்த இரண்டு கட்டங்களையும் கடந்துவிட்டார். எஞ்சியிருப்பது லெவெடிராசெடம். எரிச்சல், திடீர்ச் சினம், சோர்வு ஆகியவை அதன் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். வலிப்பே வராதவருக்கு, அறுவை முடிந்து ஒரு வாரம் நல்லபடியாகக் கழிந்த பின் வலிப்பு மருந்தைப் படிப்படியாக விலக்கிவிடலாம் என்று அமெரிக்க நரம்பியல் அகாதெமி 2000ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியதை யாரும் திரும்பிப் பார்க்காததால் அது மாதக்கணக்கில் தொடர்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். 'இது இன்னும் தேவையா' என்ற ஒரே கேள்வியோடு அறுவை மருத்துவரைப் பாருங்கள். அதற்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

இடப்பொட்டு

நான் அந்த மேசையில் படுத்தவன். இடப்பக்கப் பொட்டு மடலில், மூளைத் திசுவிலேயே வளரும் கிளியோமா என்னும் கட்டி, இரண்டாம் தரம். அறுவை நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் புனைபெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

கட்டி என்ற சொல்லைக் கேட்ட நாளுக்கும் அறுவைக்கும் இடையே பத்தொன்பது நாள்கள் இருந்தன. அந்த நாள்களில் நான் சாவைப் பற்றி நினைத்தது குறைவு. கண் விழிப்பவன் நானாக இருப்பேனா என்பதே இரவெல்லாம் குடைந்துகொண்டிருந்தது. ஒப்புதல் படிவத்தில் பேச்சிழப்பு, நினைவிழப்பு, ஆளுமை மாற்றம் என்று வரிசையாக அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டு, 'சரி, மாறினாலும் பரவாயில்லை' என்று நானே கையெழுத்திட்டேன். மாறப்போகிறவனுக்காக மாறாதவன் போட்ட கையெழுத்து அது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருவரும் தைரியமாக இரு என்றார்கள். அந்தச் சொல் வந்ததும் என் வாய் அடைத்துப்போகும். கற்றூண் ஐயா பொறுத்தருள வேண்டும்.

ஒரு காரியம் மட்டும் செய்தேன். கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்து அரை மணி நேரம் எதையெதையோ பேசிப் பதிவு செய்தேன். பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி இருந்ததால் விழித்திருக்கும் நிலையில் அறுவை செய்தார்கள். மூளைக்கு வலி உணர்வு இல்லை. உச்சந்தோலிலும் மூளையுறையிலும்தான் வலிக்கும், அதற்கு மரத்துப்போகும் ஊசி உண்டு. பலரும் அஞ்சுவதுபோல அது கொடுமையாக இல்லை. படங்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் 'இது' என்று தொடங்கிப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். ஓரிடத்தில் மின்தூண்டல் பட்டபோது 'இது' வந்தது, பெயர் வரவில்லை. கண்ணெதிரே இருப்பது குடை என்று நன்றாகத் தெரிகிறது. அதன் பெயர் இருந்த அறை பூட்டப்பட்டிருக்கிறது. தூண்டலை எடுத்ததும் கதவு திறந்துகொண்டது. மருத்துவர்களுக்கு அது வெட்டக் கூடாத இடத்தின் எல்லைக்கோடு. எனக்கோ, 'நான்' என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று இவ்வளவு சிறிய கம்பியின் நுனியில் நின்றுபோகும் என்ற அறிவு. பெரும் அச்சமாக அல்லாமல், அந்தரங்கமான ஒரு வெட்கமாக அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் எல்லாரும் நான் நன்றியோடும் மகிழ்ச்சியோடும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கோ தூங்கித் தீராத களைப்பு. ஐந்தாவது மாதம் மனைவி, 'நீங்கள் இப்போதெல்லாம் கேள்வியே கேட்பதில்லை' என்றாள். அப்படி ஒன்றும் இல்லை என்று வாதிட்டேன். உண்மையாகவே எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டோம். நடுவில் மகள் அறைக்குள் வந்து ஏதோ சொல்கிறாள். அதில் இருக்கும் மனிதன் பேச்சை நிறுத்திவிட்டு அவளிடம் அடுத்தடுத்து ஐந்து கேள்விகள் கேட்கிறான். அன்றுதான் மனைவி சொன்னதை நம்பினேன். நெய்தல், உங்கள் அண்ணன் 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று சொன்னால் அவர் பொய் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள்.

கற்றூண்

இடப்பொட்டு அவர்கள் எழுதியதைப் படித்தபின் தைரியம் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. வீட்டில் கத்துவதற்கெல்லாம் கட்டியைக் காரணம் காட்டத் தொடங்கினால், அந்த மனிதருக்கு எதற்குமே பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா? அதை ஏற்றுக்கொண்டு அண்ணி எத்தனை நாள் வாழ்வார்?

உளநூல்_வாசகர்

மூளை அறுவைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் நினைவு, கவனம், மனநிலை ஆகியவற்றைச் சோதிப்பது என் தொழில். கற்றூண் அவர்களின் கேள்வி சரியான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நெய்தல் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அறுவைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். மெனின்ஜியோமா பொதுவாக மிக மெதுவாக வளரும். நெற்றி மடல் அழுத்தப்பட்டபோது மனிதர் மெல்ல மெல்ல மங்கியிருக்கிறார், அது மனச்சோர்வுபோலத் தெரிந்திருக்கிறது. நெற்றிப் பகுதிக் கட்டிகள் நெடுநாள் மனநோய் வேடத்தில் உலவுவது அரிதன்று. ஆகவே 'பழைய அண்ணன்' என்று நீங்கள் எவரை நினைக்கிறீர்கள்? அறுவைக்கு முந்தைய மாதத்தில் இருந்தவரையா, மூன்று ஆண்டுகளுக்கு முன் இருந்தவரையா? முன்னவரோடு ஒப்பிட்டால் இன்றைய நிலை பெரிய மாற்றமாக இல்லாமல் போகலாம். பின்னவரோடு ஒப்பிட்டால் இழப்பின் பெரும்பகுதி கத்தியால் அல்லாமல் கட்டியால் நேர்ந்ததாக இருக்கலாம், அதில் ஓரளவு மீளவும் கூடும். அறுவைக்கு முன் ஒரு முறையான சோதனை செய்திருந்தால் இதை ஊகிக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாரும் குறித்துவைக்கிறார்கள்; மனிதர் எப்படி இருந்தார் என்பதை எழுதிவைப்பது மட்டும் இன்னும் பல இடங்களில் வழக்கமாகவில்லை. இடப்பொட்டு அவர்களின் அரை மணி நேரப் பதிவு பல மருத்துவக் கோப்புகளைவிட மேலானது.

அடுத்து, அக்கறையின்மையும் மனச்சோர்வும் வேறு வேறு. சோர்வுற்றவர் துன்பப்படுகிறார், குற்ற உணர்வு, நம்பிக்கையின்மை, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அக்கறையிழந்தவர் துன்பப்படுவதில்லை, அவரைச் சுற்றியிருப்பவர்களே துன்பப்படுகிறார்கள். அண்ணனிடம் நேராகக் கேளுங்கள்: வருத்தமாக இருக்கிறதா, அல்லது ஒன்றுமே தோன்றவில்லையா? விடை சிகிச்சையை மாற்றிவிடும். மனச்சோர்வு என்றால் பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது புப்ரோபியான் போன்று வலிப்பைத் தூண்டக்கூடியவற்றை இவர்களுக்குத் தவிர்ப்போம். அக்கறையின்மைக்கு அந்த மாத்திரைகளால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. கிளம்பும் விசையை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். மணி அடித்தால் எழுவது, எழுதிவைத்த பட்டியலைப் பார்த்துச் செய்வது, 'என்ன செய்யலாம்' என்று கேட்காமல் 'வாருங்கள், நடக்கலாம்' என்று அழைப்பது போன்ற எளிய காரியங்கள்தாம். எளிமை என்பதால் அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

தன் குறையைத் தான் அறியாத நிலைக்கு 1914இல் பிரெஞ்சு நரம்பியலாளர் பாபின்ஸ்கி 'அனோசோக்னோசியா' என்று பெயர் கொடுத்தார். அவர் விவரித்தவர்கள் தம் இடப்பக்கம் செயலிழந்ததையே உணராதவர்கள். நெற்றி மடல் பாதிப்பில் இதன் மென்மையான வடிவங்களை நாள்தோறும் பார்க்கிறோம். இதனால்தான் நோயாளியே நிரப்பும் வினாத்தாள்களை மட்டும் நம்ப முடிவதில்லை. 1983இல் உருவான, மருத்துவமனைகளில் பெரிதும் பயன்படும் பதினான்கு கேள்விகள் கொண்ட பதற்ற, சோர்வு அளவுகோலில் எல்லாமே இயல்பு என்று வந்துவிடும். வாசலில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

வலப்பக்க நெற்றி மடல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் ரூத். மான்ட்ரியாலில் விழித்த நிலை அறுவையை வளர்த்தெடுத்த வைல்டர் பென்ஃபீல்டின் மூத்த சகோதரி. 1928இல் அவருடைய வலப்பக்க நெற்றி மடலில் இருந்த கட்டியைத் தம்பியே அறுவை செய்தார். மடலின் பெரும்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. ஓராண்டுக்குப் பின் தம்பியை உணவுக்கு அழைத்திருந்த ரூத், வேண்டிய பொருள்கள் அனைத்தும் எதிரே இருந்தும், எதை முதலில் செய்து எதை அடுத்துச் செய்வது என்று தெரியாமல் சமையலறையில் கலங்கி நின்றார். நடத்தையிலும் பேச்சிலும் குறை கண்டுபிடிக்க முடியாத ஒருவரிடம் என்ன குறைந்தது என்பதைத் தம்பியின் கண் பார்த்தது. 1935இல் அதை மருத்துவ உலகுக்கு எழுதினார். எஸ்லிங்கர், டமாசியோ என்னும் ஆய்வாளர்கள் 1985இல் விவரித்த ஈ.வி.ஆர். என்னும் நோயாளிக்கு நெற்றி மடல்களின் அடிப்பகுதியை அழுத்திய மெனின்ஜியோமா. அகற்றியபின் நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரிக்கு மேலே நின்றார். ஆனால் எந்த உணவகத்துக்குப் போவது என்று தீர்மானிக்கவே மணிக்கணக்கு ஆனது. தொழில் போயிற்று, மணவாழ்வு இருமுறை முறிந்தது. 'சோதனையில் எல்லாம் சரி' என்று யாரேனும் உங்களை அனுப்பிவைத்தால் இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி இருக்கும் இடம் மாறினால் கதையும் மாறும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி என்றால் முதலில் கார்ட்டிசால், தைராய்டு ஹார்மோன் அளவுகளைப் பார்க்க வேண்டும். சோர்வின் காரணம் அங்கே இரத்தத்தில் உள்ள ஹார்மோன் குறைவாக இருக்கலாம். சிறுமூளைக் கட்டியை அகற்றிய குழந்தைகளில் சிலர் ஓரிரு நாளில் அறவே பேச்சை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் வாரங்கள் அல்லது மாதங்களில் பேச்சு திரும்பும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லாமல் விட்டால் அது தனிக் கொடுமை.

இனிக் கற்றூண் அவர்களின் கேள்வி. காரணத்தை அறிவது ஒன்று, அனுமதி கொடுப்பது வேறு. 1848இல் இரும்புக் கம்பி தலையைத் துளைத்துச் சென்ற ஃபினியஸ் கேஜைப் பற்றி, முரடனாக மாறிவிட்டார் என்பதோடு பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. அவர் பின்னாளில் சிலி நாட்டில் ஆண்டுக்கணக்கில் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைச் சொல்வதில்லை. ஒழுங்கான அன்றாட வேலை ஒருவரை எவ்வளவு தூரம் மீட்கக்கூடும் என்பதற்கு அந்தப் பின்பாதி முக்கியம். அண்ணி வாயை மூடிக்கொண்டு தாங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். கத்தும் நொடியில் வாதிடாமல் அறையை விட்டு வெளியே வரட்டும். அடங்கியபின், சுருக்கமாக, 'இப்படிக் கத்தினீர்கள், எனக்கு வலித்தது' என்று ஒவ்வொரு முறையும் சொல்லட்டும். உள்ளிருக்கும் கண்காணிப்பு மெலிந்திருக்கும்போது, வெளியிலிருந்து வரும் தெளிவான சொல்லே அதன் இடத்தை நிரப்பும்.

மூன்றாம்_நாற்காலி

மருத்துவர் ஒரு நாற்காலி, நோயாளி ஒரு நாற்காலி, யாரும் எதுவும் கேட்காத மூன்றாவது நாற்காலி என்னுடையது. என் கணவருக்கு வந்தது கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்று. டெமோசோலோமைடு என்னும் புற்று மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்தால், நோயாளிகளில் பாதிப் பேரேனும் உயிருடன் இருக்கும் காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகும் என்ற 2005ஆம் ஆண்டு ஆய்வின் எண்களை நாங்கள் இருவரும் ஒரே திரையில்தான் படித்தோம். நான் உடைந்துபோனேன். அவர் அமைதியாக, 'நல்லதாகப் போயிற்று, கூடுகிறதே' என்றார். அந்த அமைதியை எல்லாரும் பக்குவம் என்று புகழ்ந்தார்கள். அதுவும் நோயின் ஒரு பகுதியோ என்று எனக்கு மட்டும் ஐயம் இருந்தது. அப்படி ஐயப்பட்டதற்காக என்னையே வெறுத்தேன்.

அண்ணிக்கு ஒன்று சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்காகவே துக்கப்படுவது துரோகம் அல்ல. மருத்துவரிடம் தனியாக ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். கணவர் முன்னிலையில் சொல்ல முடியாதவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். நான் எட்டு மாதம் கழித்தே அதைச் செய்தேன். அடுத்தடுத்த ஸ்கேன்களுக்கு முந்தைய வாரங்களில் என் கணவர் நன்றாக உறங்குவார், நான்தான் விழித்திருப்பேன்.

நெய்தல்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். செவிலி அவர்கள் சொன்ன ஒரே கேள்வியைக் கேட்டோம். மருத்துவர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இது எப்போதோ நின்றிருக்க வேண்டும்' என்று படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். மருந்து நின்ற இரண்டாவது வாரத்திலிருந்து கத்தல் பெருமளவு அடங்கிவிட்டது. கதவு ஓசைக்கு முகம் சுளிக்கிறார், அவ்வளவே.

அக்கறையின்மை அப்படியேதான் இருக்கிறது. வருத்தமா, ஒன்றுமே தோன்றவில்லையா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, 'தோன்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை' என்றார். இதை உளவியலாளரிடம் சொன்னபோது அவர் அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று மணி நேரச் சோதனையில் நினைவும் மொழியும் நன்றாக இருந்தன. திட்டமிடுவதிலும் தானாகத் தொடங்குவதிலும் தெளிவான குறை இருப்பதாகச் சொன்னார்கள். பிடிக்காமல் போனது தன்னை அல்ல என்று அந்த அறிக்கையைப் படித்த பிறகே அண்ணி ஒப்புக்கொண்டார். அவரும் தமக்கென்று ஓர் ஆலோசகரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்.

'எந்த அண்ணன்' என்ற கேள்விக்காகப் பழைய காணொளிகளைத் தேடினோம். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒன்றில் மகளுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபடி இடைவிடாமல் பேசிக்கொண்டே ஓடுகிறார். அண்ணன் அதை இரண்டு முறை பார்த்தார். 'இந்த ஆள் நிறையப் பேசுகிறான்' என்றார். பிறகு, மகளின் மிதிவண்டி இப்போது எங்கே என்று கேட்டார். அறுவைக்குப் பின் அவராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மாலை நான்கு மணிக்கு அடிக்கும்படி ஓர் அலாரம் வைத்திருக்கிறோம். அடித்ததும் மகள் சாவியை அவர் கையில் கொடுப்பாள், இருவரும் கிளம்புவார்கள். அலாரம் அடிக்காத நாளில் அவர் எழுவதில்லை.

இரண்டாவது சோதனை ஆறாம் மாதத்தில். முடிவு வந்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.